சத்தம் போடாத வெர்ஷன்

தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்களில் கொத்தனாருக்கு ரொம்பக் கிராக்கி. கோயில் வேலைக்குப் போனவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களை ஊர்க் காண்டிராக்டர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தில்லைநாயகத்தின் பங்குக்கு இசக்கி கொத்தனாரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் கிடைத்தார்கள். சென்ட்ரிங் சாமான் ஒரு செட் சொந்தமாக இருந்தது. தளம் போடும்போது ஈரக் கான்கிரீட்டைத் தாங்குவதற்குக் கீழே அடிக்கிற தகரப் பலகையும் முட்டுக் கம்பும் சேர்ந்ததுதான் அது. ஒரு வீட்டில் அடித்தால், தளம் இறுகிக் காய்கிற வரைக்கும் அங்கேயே நிற்கும். பிரித்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். ஆள் அவ்வளவு, சாமான் அவ்வளவு. கையில் பிடித்த வேலை மட்டும் எப்போதும் அதற்கு மேலே இருக்கும்.

அதை ஓட்டுவதற்குத் தில்லைநாயகத்திடம் ஒரு முறை இருந்தது. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டே ஆட்களைப் பிரித்து விடுவார்.

"இசக்கி, நீ இன்னைக்குக் குத்தாலத்துக்குப் போ. லாட்ஜுக்கார முதலாளி வாராவளாம். பேச்சிமுத்து, நீ பீவி வீட்டுக்குப் போயி ரெண்டு வரி செங்கல் வையி. செங்கல் இல்லன்னா செவத்துக்குத் தண்ணி விடு. ஆளு நின்னாப் போதும்."

வீட்டுக்காரர் வந்து பார்க்கிற நேரத்தில் சாரத்தில் ஒருவன் கரண்டியைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் தொழில் ரகசியம். அது ரகசியமும் இல்லை; ஊருக்கே தெரியும். எப்ப முடியும் என்று யாராவது நெருக்கிக் கேட்டால், "சாரலுக்கு முந்தி முடிச்சிரலாம்" என்பார். ஆனியில் விழுவதும் சாரல், ஆடியில் விழுவதும் சாரல். இந்த வருஷத்துச் சாரல் போனால் அடுத்த வருஷமும் ஒரு சாரல் வரும். அந்தப் பேச்சை நம்பி யாரும் பால் காய்ச்ச நாள் குறித்ததில்லை. அதனாலேயே தில்லைநாயகத்தைப் பொய்க்காரர் என்று யாரும் சொன்னதும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்து நுழைந்தது எண்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த நல்லதம்பிக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர், வியாபாரம் மெட்ராஸில். சீசனுக்கு முன்னால் லாட்ஜில் இன்னொரு மாடி எழுப்பிவிட வேண்டும் என்று தில்லைநாயகத்திடம் வேலையை விட்டிருந்தார். மெட்ராஸில் எவனோ காண்டிராக்டர் கம்ப்யூட்டரில் சார்ட் போட்டுக் கொடுத்ததை ஒரு தடவை பார்த்துவிட்டார். வந்த கையோடு பிடித்துக்கொண்டார்.

"என்னைக்குச் செங்கல், என்னைக்குத் தளம், என்னைக்குப் பூச்சு, எல்லாம் கோடு கோடா அதுல வருதுய்யா. அதே மாதிரி ஒண்ணு எனக்கும் போட்டுத் தாரும்."

"அதுக்கு நான் எங்கன போறது முதலாளி?"

"ஏன், உம்ம மவதான் சாயங்காலம் சாயங்காலம் கம்ப்யூட்டர் படிக்கப் போறாள்லா? என்னத்துக்குப் படிக்க வைக்கேரு?"

அது உண்மைதான். உலகம்மை பி.காம். முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிற இடைவெளியில், செங்கோட்டை ரோட்டில் உரக்கடை மாடியில் நடந்த மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி வரக்கூடாது என்று கனத்த திரை, ஏசி குளிர், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் சார் நடத்துகிற பாடத்தை வீட்டுக்கு வந்து ஒரு வரி விடாமல் எழுதி வைப்பாள். ஸ்கேல் வைத்துப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் அவளுக்கு வந்த சந்தேகம். வலது பக்கம்தான் எப்போதும் நீளமாகப் போகும். கையில் எழுதிய ஒன்றைச் சரி என்று நம்புவதற்கே அவளுக்கு மறுநாள் ஆகும்.

அப்பா வந்து கேட்டதும் அவளுக்குப் பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். சாரிடம் கேட்டாள். அவர் அலமாரியில் இருந்து இரண்டு ஃபிளாப்பி உறைகளை எடுத்து வைத்தார்.

"வேலைகளைத் திட்டம் போடுறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கும்மா. இது பழைய வெர்ஷன், இது புது வெர்ஷன். ரெண்டும் டிரையலுக்கு வந்தது. உங்க அப்பா தொழிலுக்கு எது ஒத்துவரும்னு ரெண்டையும் ஓட்டிப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் குடு. அதை நான் கம்பெனியில சொல்லி வரவழைச்சுத் தாரேன். நீ எழுதுறதை வச்சுத்தான் வாங்குவோம், பாத்துக்கோ."

நீ எழுதுறதை வச்சுத்தான் என்ற பேச்சு அவளுக்குள் நாலைந்து நாள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, லாட்ஜ் வேலையையும் ஹைருன் பீவி வீட்டு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினாள். எந்த வேலைக்கு யார், எந்தச் சாமான், எதற்குப் பிறகு எது என்று வரிசைப்படுத்திக்கொண்டு, இரண்டு வெர்ஷனிலும் ஒன்றுபோல அடித்தாள்.

பழைய வெர்ஷன் நல்ல சுறுசுறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் திறக்கும். லாட்ஜைத் திறந்தால் உலகத்தில் லாட்ஜ் மட்டுமே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பட்டை பட்டையாகக் கோடு போட்டு, கடைசியில் ஒரு தேதியைக் காட்டிவிடும். புது வெர்ஷன் மெத்தனம். ஃபிளாப்பியை மாற்று, மாற்று என்று கேட்கும். ஆனால் எல்லா வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, யார் யார் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று தேடும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நின்றால் அந்தப் பெயர் விட்டு விட்டு மின்னும்; பெட்டிக்குள்ளிருந்து கீங் கீங் என்று சத்தம் வரும். விசையைத் தட்டுகிற வரைக்கும் நிற்காது.

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது மிஷினைக் கெடுத்துவிட்டோம் என்று உலகம்மை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்புறம் புரிந்ததும் அதை அப்பாவிடம் காட்டியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

தில்லைநாயகம் ஒரு சாயங்காலம் வந்தார். சிமெண்டு ஒட்டிய செருப்பை வாசலில் விட்டு, வேட்டியை இறக்கிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவரைப்போல வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் விசையைத் தட்டினாள். கீங் கீங்.

"என்னட்டி சத்தம்?"

"இசக்கி மாமா வைகாசியில ஒரே நாள்ல குத்தாலத்துலயும் நிக்காரு, பீவி அத்தை வீட்டுலயும் நிக்காரு. அதைச் சொல்லுது."

"இதுக்கு எப்படித் தெரிஞ்சு?"

"நீங்க சொன்னீயள்லா. அதை அப்படியே அடிச்சேன். சென்ட்ரிங் சாமானும் அப்படித்தான். ரெண்டு எடத்துலயும் நிக்கி."

தில்லைநாயகம் வாஞ்சிநாதன் சார் இருந்த உள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டார். "மெள்ளப் பேசு. சவம், ஊரக் கூட்டுது. இதை நிப்பாட்ட முடியாதா?"

"குத்தாலத்துல தளம் காஞ்சி, சாமானப் பிரிச்ச பொறவுதான் அத்தை வீட்டுக்குன்னு மாத்திப் போட்டா நின்னுரும். ஆனா அத்தை வீடு ஆவணிக்குப் போயிரும்."

"ஆவணியா? பீவி கேட்டா மண்ணள்ளித் தூத்திருவா." மற்ற ஃபிளாப்பி உறையைக் கண்ணால் காட்டினார். "இன்னொண்ணு இருக்குன்னு சொன்னியே."

ஃபிளாப்பியை மாற்றிப் பழைய வெர்ஷனைப் போட்டாள். லாட்ஜ் வந்தது, வைகாசிக் கடைசி என்றது. அதை மூடிவிட்டு பீவி வீட்டைத் திறந்தாள். ஆனி முதல் வாரம் என்றது. ஒரு சத்தமும் இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகம் முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தியா, இதுக்கு மரியாதை தெரியி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. இதே போதும்."

"அப்பா, இது சொல்லுத தேதி நடக்காதுல்லா."

"நான் சொல்லுத தேதி என்னைக்குட்டி நடந்திருக்கு? சாரலுக்கு முந்தின்னு நான் சொல்லுதேன். அதையேதான் இதுவும் சொல்லுது. என்ன, கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுது."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், தான் அடித்ததைப் பார்த்துச் சிரித்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகும்.

ஒப்பீட்டை மறுநாள் எழுதினாள். பழைய வெர்ஷன் வேகமானது, இருக்கிற மிஷினின் மெமரிக்குள் அடங்கும், கற்றுக்கொள்ள எளிது, பிரிண்ட் சுத்தமாக வருகிறது. ஆகவே நம் தொழிலுக்குப் பழைய வெர்ஷனே பொருத்தம். எழுதியதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. வாஞ்சிநாதன் சார் கண்ணாடியை உயர்த்தி இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப முறையா எழுதியிருக்கேம்மா. இந்த வகுப்புல இப்படி யாரும் எழுதுனதில்லை."

படி இறங்கும்போது காது மடல் சுட்டது. புது வெர்ஷனில் என்ன விசேஷம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

லாட்ஜுக்கு ஒரு சார்ட் அடித்துக் கொடுத்ததோடு நின்றிருக்கலாம். தில்லைநாயகத்துக்கு அந்தத் தாள் பிடித்துப்போயிற்று. பீவிக்கும் ஒன்று அடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

ஹைருன் பீவி தவணைக்குச் சேலை விற்கிறவள். புருஷன் மௌத்தான பிறகு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தே ஜொஹராவை வளர்த்துவிட்டாள். ஜொஹராவுக்குக் கடையநல்லூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. பையன் துபாயில் இருந்தான். பெண்ணுக்குத் தளம் போட்ட தனி அறையோடு வீடு தருவதாகப் பீவி வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காக இருந்த ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, பின்னால் ஓலைச் சாய்ப்பில் மகளும் அவளுமாகக் குடியிருந்தார்கள். உலகம்மையின் அம்மா கோமதியம்மாள் அவளை அண்ணி முறை வைத்து "மைனி" என்பாள். பீவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். தில்லைநாயகம் அவளுக்கு அண்ணாச்சி. உலகம்மைக்கு அவள் அத்தை. இந்த முறை எப்போது யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் நினைவில்லை.

அன்றைக்கு மத்தியானம் பீவி மூட்டையை இறக்கிவிட்டு, கோமதியம்மாள் கொடுத்த உளுந்தங்களியைக் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள்.

"மைனி, எண்ணெய்ல கஞ்சத்தனம் காட்டாதிய. களிக்கு எண்ணெய் மெதக்கணும்."

"மெதக்கணும்னா ஒம்ம சேலையில ஒண்ண ஓசியாத் தாரும், செக்கையே வாங்கி வைக்கேன்."

"தாரேன், தாரேன். எம் மவளுக்கு வீட்ட முடிச்சித் தரச் சொல்லும் அண்ணாச்சிய. பட்டே தாரேன்."

தில்லைநாயகம் அப்போதுதான் தாளை எடுத்து நீட்டினார். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாள். பீவி கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"ஒம்ம வீடு. எந்த வாரம் என்ன வேலைன்னு கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்திருக்கு. நம்ம உலகுதான் செஞ்சா."

"நம்ம பிள்ளையா?" பீவி எழுந்து வந்து அடுக்களை நிலையில் நின்ற உலகம்மையின் கன்னத்தை வழித்தாள். எண்ணெய் வாசனை அடித்தது. "எங்கன மக்களே தளம்?"

உலகம்மை ஒரு பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"சாவி?"

கடைசிப் பட்டையின் நுனியைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, நெசமாட்டு இந்தத் தேதியில சாவியக் கையில தந்துருவியளா?"

"நான் என்னத்தச் சொல்ல பீவி? கம்ப்யூட்டர் சொல்லுது."

எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் அவர் சொன்னார். பீவி சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து, புதுச் சேலை சுற்றி வருகிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். உலகம்மை தேங்காய் துருவுவதற்காக உள்ளே போனாள். துருவி முடிப்பதற்குள் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மூடி வெறும் சிரட்டையான பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது பீவி அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது. அம்மாதான் சொன்னாள்.

"மைனி அந்தத் தாளக் கடையநல்லூருக்குக் கொண்டுபோயிக் காட்டியிருக்கா. மாப்பிள்ள வீட்டுல வாங்கிப் பாத்துட்டு, அப்படியே துபாய்க்கு எழுதிட்டாவளாம். பையன் லீவு சொல்லி, டிக்கெட்டும் போட்டாச்சாம். ஆனி ரெண்டாவது ஞாயித்துக்கிழம நிக்காஹ்."

தில்லைநாயகம் சோற்றில் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. "என்னட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"உங்கட்ட என்னத்துக்குக் கேக்கணும்? அதான் தேதி போட்டுக் குடுத்தியள்லா."

"சாரலுக்கு முந்தின்னு நான் எத்தனை பேருட்டச் சொல்லியிருக்கேன். எவனாவது கல்யாணத்துக்கு நாள் குறிச்சானா?"

"அது வாயால சொன்னிய. இது மிசின் சொன்னதுல்லா."

அவர் உலகம்மையைப் பார்த்தார். உலகம்மை தன் தட்டைப் பார்த்தாள்.

வைகாசி பிறந்ததும் சென்ட்ரிங் சாமான் லாரியில் குற்றாலத்துக்குப் போயிற்று. நல்லதம்பி முதலாளி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெட்ராஸிலிருந்து போன் போட்டார். பீவி வீட்டில் சுவர் நாலும் எழும்பி, ஜன்னலுக்கு மேல் லிண்டலும் போட்டு, அதற்கு மேலே வெறும் ஆகாயம். பேச்சிமுத்து மட்டும் காலையில் வந்து சுவருக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் பீடி குடித்தான். வகுப்புக்குப் போகிற வழியில்தான் அந்த வீடு. உலகம்மை பெருமாள் கோயில் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இசக்கி கொத்தனார் எதிரே வந்துவிட்டார். ரசமட்டமும் தூக்குச்சட்டியும் கையில் இருந்தன. கூட இரண்டு சித்தாள்கள்.

"தாயி, ஒம்ம மிசின்ல நான் இன்னைக்கு எங்கன நிக்கேன்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் முறையாகப் பதில் சொன்னாள். "பீவி அத்தை வீட்டுல, தளத்து மேல."

"அப்படியா? அப்ப அங்கன நிக்கது எவம்னு போயிப் பாத்துட்டு வந்து சொல்லும். எனக்குக் குத்தாலம் பஸ்ஸு வந்துட்டு."

சித்தாள்களில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். உலகம்மையும் சிரிக்க முயன்றாள். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் கேட்டேவிட்டாள். "சாமானப் பாதி அத்தை வீட்டுக்கு அனுப்பக் கூடாதாப்பா? அந்த ஒரு அறைக்கு மட்டும்?"

"பாதியப் பிடுங்குனா லாட்ஜ் தளம் ரெண்டு துண்டாப் போடணும். ஒட்டுல தண்ணி எறங்கும். அவரு சீசனை விட்டுட்டு நிப்பாரா? அடுத்த வேலை எவன் தருவான்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பீவி நம்ம ஆளு. சொன்னாப் பொறுத்துக்கிடுவா."

"நம்ம ஆளுன்னா அவளுக்குல்லா மொதல்ல போட்டிருக்கணும்?" என்றாள் உள்ளேயிருந்து கோமதியம்மாள். "அந்நியனுக்கு மொதல்ல, நம்ம ஆளுக்குக் கடைசியா? இது எந்த ஊரு நியாயம்?"

"நீ ஒன் சோலியப் பாரு."

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. ஆனி பிறக்குமுன்பே மேற்கே மலை மூடி, கணவாய்க் காற்று தெருவுக்குள் புகுந்து கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று வெளியூர் பஸ்கள் ஜன்னலில் துண்டுகள் பறக்க வர ஆரம்பித்தன. நல்லதம்பியின் புது மாடியில் பெயிண்டு காயுமுன்பே ஆள் ஏறிவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். பழக்கடைகளில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். முதலாளி ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். வீட்டில் யாரும் அதை உடைக்கவில்லை. பீவி வீட்டுச் சுவர்கள் நனைந்து, மேல் ஓரமெல்லாம் பாசி கட்டத் தொடங்கியது.

ஆனி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஹைருன் பீவி உரக்கடை மாடி ஏறி வந்தாள்.

வகுப்பில் அன்று ஆள் குறைவு. வாஞ்சிநாதன் சார் உள் அறையில் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பீவி செருப்பைக் கழற்றி, நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"உலகு இருக்காளா?"

உலகம்மை எழுந்துவிட்டாள். "வாங்க அத்தை."

"குளிரா இருக்கு பிள்ளே இங்கன. எப்படித்தான் இருக்கியோ." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கால்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். மடிப்பில் மடிப்பில் தாள் நைந்து போயிருந்தது. "நேத்து சாய்ப்புக்குள்ள தண்ணி வந்துட்டு. சேலை மூட்டை பாதி நனைஞ்சிட்டு. இதை மட்டும் நனையாம வச்சிருக்கேன்."

உலகம்மை தாளை வாங்காமல், மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நான் அண்ணாச்சியக் கொற சொல்லல மக்களே. தேதி சரியாத்தான் வந்திருக்கு. ஆளுக வரல, மழையும் முந்திட்டு, அதுக்கு மிசின் என்ன செய்யும்? மாப்பிள்ள வந்து எறங்கிட்டாரு. கையக் காலப் பிடிச்சி இன்னும் பத்து நாளு தள்ளிக் கேட்டா ஒத்துக்கிடுவாவ. அதுக்கு மேல அவருக்கு லீவு இல்ல. ஆனா இனி நான் வாயால சொன்னா நம்பமாட்டாவ. நீ இதே மாதிரி புதுசா ஒரு தாளு போட்டுத் தா. நீ போட்டதுன்னா நம்புவாவ."

மேஜை மேல் ஃபிளாப்பிப் பெட்டி இருந்தது. இரண்டு உறைகள் மேலும் அவள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: பழையது, புதியது. பழையதைப் போட்டால் ஒரு நிமிஷ வேலை. பத்து நாள் என்று கேட்டால் பத்து நாளில் பட்டையை முடித்துக் காட்டும். பீவி துவா செய்து வாழ்த்திக்கொண்டே கடையநல்லூர் பஸ் ஏறுவாள்.

அவள் புதியதை எடுத்துச் செருகினாள். அது மெதுவாக ஓடியது. ஃபிளாப்பியை மாற்றச் சொன்னது, மாற்றினாள். லாட்ஜில் வெளிப்பூச்சு மட்டும் இன்னும் பாக்கி என்று அடித்தாள். லாட்ஜில் பிரித்த சாமான் இப்போது நிற்கிற வேறு வீடு, அதற்குப் பிறகு போக அப்பா ஒத்துக்கொண்ட இடம், எல்லாவற்றையும் அடித்தாள். பீவி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீங் கீங் கீங்.

பீவி பதறிக் காலைத் தரையில் வைத்தாள். "என்ன மக்களே இது? கெட்டுப் போச்சா?"

"இல்ல அத்தை. இசக்கி மாமா ஒரே நாள்ல ரெண்டு எடத்துல நிக்காருன்னு சொல்லுது. சென்ட்ரிங் சாமானும் அப்படித்தான். அந்தப் பேருதான் மின்னுது, பாருங்க. இந்தச் சத்தம் நிக்கணும்னா உங்க வீட்டத் தள்ளித்தான் போடணும்."

"எவ்வளவு தள்ளி?"

"ஆவணி ஆயிரும். கடைசி."

பீவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்தப் பச்சை எழுத்தில் மின்னுகிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். விரலை நீட்டித் தொடப் போய், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப போன தடவை இது ஏன் சத்தம் போடல?"

"அது வேற வெர்ஷன் அத்தை."

"வேறன்னா?"

"பழசு. அது ஒரு வீட்ட மட்டும்தான் பாக்கும். அடுத்த வீட்டப் பாக்காது. அதனால சத்தம் போடாது."

"இது அப்பமே இருந்துதா?"

"இருந்துது."

கீங் கீங் என்று பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பீவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப சத்தம் போடாததாப் பாத்துத்தான் எடுத்தியளா?"

அப்பாதான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும் அதுதான். உலகம்மையின் வாய்வரை வந்தது. அவள் தன் கையெழுத்துச் சீட்டுகளைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை. நான்தான் எழுதிக் குடுத்தேன். இதே போதும்னு."

உள் அறையிலிருந்து வாஞ்சிநாதன் சார் குரல் கொடுத்தார். "உலகம்மை, என்னம்மா சத்தம்? ஒரு கீயைத் தட்டி அதை நிப்பாட்டு."

அவள் தட்டினாள். அறை அமைதியாகிவிட்டது. பீவி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் அழுதுவிடலாம் என்றும் இருந்தது.

பீவி திட்டவில்லை. முந்தானையை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நிக்காஹ் சொன்ன தேதியில நடக்கும். என் கூடப் பொறந்த காக்கா வீட்டு மாடியில வச்சிக்கிடுதேன். தனி அறை இல்லன்னு அவிய நாலு வார்த்த பேசுவாவ. எம் மவ கேட்டுக்கிட்டு இருப்பா."

"புதுத் தேதிய அடிச்சித் தாரேன் அத்தை. இது சரியான தேதி."

"தாளு வேண்டாம். ஆவணி கடைசின்னு வாயால சொல்லிட்டேல்லா. அது போதும்." எழுந்தாள். பழைய தாள் பிளாஸ்டிக் உறையோடு நாற்காலியில் கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "அறைக்குத் தளம் எப்பப் போட்டாலும் சரி, அவசரம் இல்லன்னு காண்டிராக்டர்ட்டச் சொல்லிரு."

படியில் ஈரச் செருப்பு சத்தம் இறங்கிப் போயிற்று.

உலகம்மை வீட்டுக்கு வந்தபோது தில்லைநாயகம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா அவியலைக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மை ஈரத்தோடு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எந்த ஃபிளாப்பியைப் போட்டாள், என்ன கேட்டாள் பீவி, தான் என்ன பதில் சொன்னாள் என்று வரிசையாக, ஒன்றை விடாமல். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உன்னை யாரு அதப் போடச் சொன்னா?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இருந்தது. ஆனால் பலம் இல்லை. "சரி விடு. ஏசினாளா?"

"இல்ல."

"அழுதாளா?"

"இல்லப்பா. தளத்துக்கு அவசரம் இல்லன்னு சொல்லச் சொன்னாவ."

"பாத்தியா. நம்ம ஆளு, பொறுத்துக்கிடுவான்னு சொன்னேம்லா." ஒரு உருண்டையை எடுத்தார். "என்னட்ட என்ன சொல்லச் சொன்னா? அப்படியே சொல்லு."

"அவசரம் இல்லன்னு காண்டிராக்டர்ட்டச் சொல்லிருன்னாவ."

உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது.

"யாருட்ட?"

"காண்டிராக்டர்ட்ட."

கோமதியம்மாள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டாள். ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தில்லைநாயகம் உருண்டையைத் தட்டிலேயே வைத்து, அதன் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை அவர் கேட்பார் என்று உலகம்மை நின்றாள்.

அவர் கேட்கவில்லை.